மருந்துக்கடையில் விற்பதெல்லாம் மருந்தல்ல. மருந்தெல்லாம் முகப்பூச்சும் அல்ல

“காஸ்மெட்டிக் எதுவும் வேண்டாம், மெடிக்கலில் கிடைப்பதை வாங்கு, அதுதான் பாதுகாப்பு” என்னும் அறிவுரை தில்லி தொடங்கித் திருவனந்தபுரம் வரை பல்கலைக்கழக விடுதிகளில் ஏறக்குறைய ஒரே சொற்களில் வழங்கிவருகிறது. இதற்கு நேரெதிரான அறிவுரையும் அதே விடுதிகளில் உண்டு: “மருந்து போட்டால் முகம் கெட்டுவிடும், நல்ல பிராண்டாகப் பார்த்து ஒரு சீரம் வாங்கு.” இவ்விரண்டும் ஒரே முன்முடிவின்மேல் நிற்பவை. ஒரு பொருள் எந்த அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கிறதோ அந்த அலமாரியே பொருளின் தன்மையைச் சொல்லிவிடும் என்பதுதான் அந்த முன்முடிவு. அது தவறு. அத்தவறுக்கான விலையை இளைஞர்களின் முகங்களும், சில வேளைகளில் அவர்களுடைய சிறுநீரகங்களும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

இந்தியச் சட்டம் இவ்விரு வகைகளையும் எப்படிப் பிரிக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம், 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக அழகுசாதனப் பொருள்களையும் தன்னுள் ஏற்று, ‘மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம்’ என்று பெயர் மாறியது. அதன் வரையறையில் அச்சாணியாக நிற்கும் கருத்து ‘நோக்கம்’. உடலின்மேல் தேய்க்கவோ ஊற்றவோ தூவவோ தெளிக்கவோ உருவாக்கப்பட்ட ஒரு பொருளின் நோக்கம் தூய்மை செய்தல், அழகூட்டல், தோற்றத்தை மாற்றுதல் என்பதாக இருந்தால் அது அழகுசாதனம். நோயைக் கண்டறிதல், தணித்தல், குணப்படுத்துதல், தடுத்தல் என்பதாக இருந்தால் அது மருந்து. ஆக, குழாய்க்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, அக்குழாய் எதற்கென்று சொல்லி விற்கப்படுகிறது என்பதே வகைப்பாட்டில் முந்தி நிற்கிறது. வேதியியலைப் பற்றியது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் எல்லைக்கோடு, பெரும்பகுதி மொழியால் வரையப்பட்ட கோடு.

இதனால்தான் அந்தக் கோடு நாட்டுக்கு நாடு இடம்பெயர்கிறது. சன்ஸ்கிரீன் அமெரிக்காவில் மருந்து. சீட்டின்றி வாங்கத்தக்க மருந்துகளின் வரிசையில் அது வைக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அது அழகுசாதனம். ஒரே நாட்டுக்குள் காலத்தைப் பொறுத்தும் கோடு நகர்வதுண்டு. பருவுக்குப் பூசும் 0.1 விழுக்காட்டு அடாபலீன் களிம்புக்கு அமெரிக்காவில் 2016 வரை மருத்துவர் சீட்டு வேண்டியிருந்தது; அவ்வாண்டில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. மூலக்கூறு அப்படியே இருக்க, பெயர்ப்பலகை மட்டும் மாறியது.

இந்தியக் கடைகளில் இதைவிட எளிய சான்றுகள் உண்டு. கிளிசரின், பெட்ரோலியம் ஜெல்லி, லிக்விட் பாரஃபின் ஆகிய மூன்றும் வறண்ட தோலுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவருபவை. மருந்துக்கடையில் அலங்காரமற்ற சிறு புட்டியில் கிளிசரின் மலிவாகக் கிடைக்கிறது. அதே கிளிசரின், வாசனையும் நிறமும் அழகிய மூடியும் சேர்ந்து, அங்காடியின் அழகுப் பகுதியில் பன்மடங்கு விலைக்கு நிற்கிறது. இதைக் கண்டு ‘அழகுசாதனம் ஏமாற்று’ என்று முடிவுகட்டவும் வேண்டியதில்லை. நன்றாகக் கலக்கப்பட்ட லோஷன் பூசுவதற்கு இதமாக இருப்பதால் ஒருவர் அதை நாள்தோறும் பூசுவாராயின், அந்த இதத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் கூடுதல் விலை இதத்துக்குக் கொடுக்கப்படுகிறது, கூடுதல் மருத்துவக் குணத்துக்கு அல்ல என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தேர்வு வழியாக வராத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாத உதவித்தொகை 8,000 ரூபாய். அந்தத் தொகைக்குள் வாழ்பவருக்கு இது வெறும் நுகர்வோர் நுணுக்கம் ஆகாது.

இவ்விரு அலமாரிகளுக்கும் நடுவே இன்று மூன்றாவது அலமாரி ஒன்று எழுந்துள்ளது. வெள்ளைப் பெட்டி, நீல எழுத்து, ‘டெர்மா’ என்னும் முன்னொட்டு, விழுக்காட்டுக் கணக்கில் அச்சிட்ட மூலப்பொருள் பெயர். சட்டப்படி இவற்றுள் பெரும்பாலானவை அழகுசாதனங்களே. உடுத்தியிருப்பது மட்டும் மருந்தின் உடை. இந்தக் கலப்பினத்துக்கு ‘காஸ்மஸூட்டிக்கல்’ என்னும் பெயரை 1980-களில் பரப்பியவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். அச்சொல்லுக்கு இந்தியச் சட்டத்திலோ அமெரிக்கச் சட்டத்திலோ தனி இடம் இல்லை. சட்டத்தில் இல்லாத ஒரு வகை, சந்தையின் பேச்சில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

இப்பெட்டிகளின் மொழி கவனித்துப் படிக்கத்தக்கது. ‘தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது’ என்னும் தொடரில் வினை முற்றுப்பெற்றுவிடுகிறது, செய்தி முற்றுப்பெறவில்லை. எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது, எதனோடு ஒப்பிட்டு, என்ன முடிவு வந்தது என்ற மூன்றும் விடுபட்டுள்ளன. சோதித்துத் தோற்ற பொருளையும் இத்தொடர் பொய்யின்றி விளம்பரப்படுத்தும். ‘ஹைப்போ-அலர்ஜெனிக்’ என்னும் சொல்லுக்கு வரலாறே உண்டு. அச்சொல்லைப் பயன்படுத்த விரும்பும் நிறுவனங்கள் ஒப்பீட்டுச் சோதனை நடத்திக் காட்டவேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1975-இல் விதி செய்தது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதெனத் தீர்த்தது. அன்றிலிருந்து அந்நாட்டில் அச்சொல்லின் பொருள், அதை அச்சிடும் நிறுவனம் எதை எண்ணுகிறதோ அதுவே. அங்கே பொருளிழந்த அச்சொல்தான் இங்கே இறக்குமதியாகி நம்பிக்கையின் முத்திரையாக வலம்வருகிறது.

அடுத்தது, ‘உங்கள் தோல் என்ன வகை?’ என்னும் கேள்வி. வறண்டது, எண்ணெய்ப்பசையானது, இரண்டும் கலந்தது என்னும் பகுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெலெனா ரூபின்ஸ்டீன் போன்ற அழகுசாதன வணிகர்களால் பரவலாக்கப்பட்டது. ஒரே களிம்பை எல்லாருக்கும் விற்பதைவிட, வகைக்கு ஒன்றாக விற்பது வணிகத்துக்கு நல்லது. மருத்துவத்திலிருந்து வந்த பகுப்பு வேறு. தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-இல் முன்வைத்த அளவுகோல், வெயில் பட்டால் தோல் சிவந்து எரிகிறதா, கறுக்கிறதா என்பதைக் கொண்டது. ஒளிச்சிகிச்சையின் அளவைக் கணிக்க உருவானது. முதலில் அது வெண்தோலரை மட்டுமே வகைப்படுத்தியது. பழுப்பு, கறுப்புத் தோல்கள் பிறகுதான் சேர்க்கப்பட்டன. ஒன்று கடைக்காரரின் பகுப்பு, மற்றொன்று பிறநாட்டு மருத்துவமனையின் பகுப்பு. இந்தியத் துணைக்கண்டத்தின் தோலை மனத்தில் வைத்து இரண்டுமே எழவில்லை.

ஆயினும் வறட்சியும் எண்ணெய்ப்பசையும் உண்மையானவைதாம். அவற்றைப் பிறவிக்குணமாகக் கொள்வதுதான் பிழை. தஞ்சாவூரில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்த முகம், தில்லியின் டிசம்பரில் வெள்ளைபூத்து வெடிக்கிறது. அதே முகம் மே மாதத்தில் மீண்டும் வழிகிறது. மாதவிடாய்ச் சுழற்சி, வயது, குளிக்கும் நீரின் சூடு, சோப்பு என்று பலவும் தோலின் நிலையை மாற்றும். ‘எண்ணெய்த் தோல்காரர்’ என்று தம்மை முடிவாகப் பெயரிட்டுக்கொண்டவர், தில்லிக் குளிரிலும் எண்ணெய் உறிஞ்சும் ஃபேஸ்வாஷைத் தேய்த்து, வெடித்த முகத்துக்கு மருந்து தேடுவார். தோல்வகை என்பதை வானிலை அறிக்கைபோல அவ்வப்போது பார்த்துக்கொள்வதே பொருத்தம்.

நோயில்லாத தோலுக்கு வேண்டியவை சிலவே: மென்மையான கழுவுபொருள், தேவைக்கேற்ற மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். மூன்றும் இந்தியாவில் அழகுசாதனமாகவே கிடைப்பவை. இவ்விடத்தில் மருந்துக்கடைப் பொருள் உயர்ந்தது என்னும் எண்ணத்துக்கு அடிப்படை இல்லை.

எண்ணெய் வழியும் முகத்துக்கு ஒரு நாளில் இருமுறை கழுவுதல் போதும். வழக்கமான சோப்பு காரத்தன்மை கொண்டது. தோலின் மேற்பரப்போ இலேசான அமிலத்தன்மை உடையது. ஆகவே நாளில் ஐந்துமுறை சோப்பு போடுபவரின் முகம் தூய்மையாவதைவிட, அரிப்புக்கும் எரிச்சலுக்கும் ஆளாவதே மிகுதி. நீர்ப்பாங்கான ஜெல் வகை மாய்ஸ்சரைசர் இவர்களுக்குப் பொருந்தும். கரும்புள்ளி, வெண்புள்ளி அளவில் நிற்கும் பருவுக்கு 2 விழுக்காட்டுக்கு மேற்படாத சாலிசிலிக் அமிலம் கலந்த அழகுசாதனமே தொடக்கத்துக்குப் போதுமானது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கும் வழக்கமுடையோர், நெற்றியோரத்தில் மட்டும் பரு வருகிறதா என்று பார்க்கவேண்டும். தலையெண்ணெய் வழிந்து துளைகளை அடைப்பதால் வரும் பரு மருத்துவ நூல்களில் தனிப்பெயரே பெற்றது. அதற்குச் சீரம் வாங்குமுன் எண்ணெய் வைக்கும் வழக்கத்தை மாற்றிப் பார்ப்பது செலவில்லாத வழி. அதே தேங்காயெண்ணெய், வறண்ட கைகால்களுக்கு நல்ல பூச்சு. பொருளின் நன்மை தீமையைப் பூசும் இடமும் தீர்மானிக்கிறது.

வறண்ட தோலுக்குக் குளித்து முடித்த சில நிமிடங்களுக்குள், ஈரம் காயுமுன் பூசுவது விலையுயர்ந்த களிம்பைத் தேர்வதைவிட முக்கியம். கிளிசரின் நீரை ஈர்த்துப் பிடிப்பது. பெட்ரோலியம் ஜெல்லி அந்நீர் ஆவியாகாமல் மூடிவைப்பது. 1872-இல் காப்புரிமை பெற்ற இந்த ஜெல்லியை, நீரிழப்பைத் தடுக்கும் ஆற்றலில் விஞ்சிய பொருள் இன்றும் அரிது. மருந்துக்கடையில் வாங்கும் தனிக் கிளிசரினை நீர் கலவாமல் முகத்தில் பூசுதல் ஆகாது. வெடித்த குதிகாலுக்கு யூரியா கலந்த களிம்பு ஏற்றது.

எதைப் பூசினாலும் எரிகிறது, சிவக்கிறது என்போர் குறைவான பொருள்கள் கொண்டதையும் நறுமணம் சேர்க்கப்படாததையும் தேடவேண்டும். ‘மணமில்லாதது’ என்பதும் ‘நறுமணப்பொருள் சேர்க்கப்படாதது’ என்பதும் ஒன்றல்ல. முதல் வகையில், மூலப்பொருளின் வாடையை மறைக்கவே ஒரு நறுமணம் கலக்கப்பட்டிருக்கலாம். இந்திய விதிகளின்படி அழகுசாதன உறையில், 1 விழுக்காட்டுக்கு மேலுள்ள பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் இடம்பெற வேண்டும். அதற்குக் கீழுள்ளவை எவ்வரிசையிலும் வரலாம். பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிடப்பட்ட மூலிகை, பின்புறப் பட்டியலின் வாலில் தொங்குமாயின் அதன் அளவு என்னவாக இருக்கும் என்று வாசகர் கணித்துக்கொள்ளலாம்.

சன்ஸ்கிரீனில் எண்ணைவிட அளவு பெரிது. எஸ்பிஎஃப் 30 ஏறக்குறைய 97 விழுக்காடும், எஸ்பிஎஃப் 50 ஏறக்குறைய 98 விழுக்காடும் எரிக்கும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், வேறுபாடு சிறிது. ஆனால் இவ்வெண்கள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பெறப்பட்டவை. பொட்டளவு எடுத்து முகம் முழுதும் பரப்புபவருக்கு அந்தப் பாதுகாப்பு கிட்டாது. விலை மிகுந்ததை வாங்கிச் சிக்கனமாகப் பூசுவதைவிட, கட்டுபடியாவதை வாங்கித் தாராளமாகப் பூசுவது மேல். மங்கு உடையோருக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கேடு செய்வதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த வண்ணச் சன்ஸ்கிரீன் கூடுதல் பயன் தரும்.

இதுவரை சொன்னவற்றில் தேர்வு பிழைத்தால் பணம் வீணாகும், அல்லது சில நாள் எரிச்சல் இருக்கும். உண்மையான ஆபத்து, நோயுள்ள தோலுக்கும் நிறத்தை மாற்றும் ஆசைக்கும் மருந்துக்கடையின் மேசையிலேயே தீர்வு தேடும்போது தொடங்குகிறது.

இந்தியாவின் 12 மையங்களில் தோல் மருத்துவர்கள் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், முகத்தில் தோல் சிக்கலோடு வந்த 2,926 பேர் பார்க்கப்பட்டனர். அவர்களில் 433 பேர் ஸ்டீராய்டுக் களிம்பை முகத்தில் பூசிக்கொண்டிருந்தனர். அந்த 433 பேரில் 126 பேர் அதைப் பூசியது நிறம் வெளுக்க, அல்லது பொதுவான முகப்பூச்சாக. 257 பேருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்லர். இந்நிலை ஒரு நோய்ப்பெயரையே தோற்றுவித்தது. கொல்கத்தாவைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள் கௌசிக் லாஹிரியும் அரிஜித் கூண்டுவும் ‘ஸ்டீராய்டு பூச்சால் சிதைந்த முகம்’ என்னும் பொருள்படும் கலைச்சொல்லை உருவாக்கினர்.

சட்டத்தின் ஓட்டையும் இதற்கு உதவியது. சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலான எச் அட்டவணையில், புறப்பூச்சுக்கான தயாரிப்புகளுக்கு நெடுங்காலம் விலக்கு இருந்தது. விழுங்கினால் மருந்து, பூசினால் சாதாரணம் என்பதுபோல ஒரு நிலை. தோல் மருத்துவர் சங்கத்தின் நீண்ட முயற்சிக்குப் பிறகு 2018-இல் 14 ஸ்டீராய்டுகளுக்கு அவ்விலக்கு நீக்கப்பட்டது. விதி மாறியது, கடை மேசையின் வழக்கம் விதியின் வேகத்தில் மாறவில்லை.

ஸ்டீராய்டு ஏன் இத்தனை எளிதாக நம்பவைக்கிறது? அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும். சிவப்பும் அரிப்பும் அடங்கும். முகம் வெளுத்தும் வழவழப்பாகவும் தோன்றும். புதிய பொருளை முழங்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பார்க்கவேண்டும் என்பது எரிச்சலூட்டும் அழகுசாதனத்தைக் கண்டுபிடிக்கும் நல்ல முறை. ஸ்டீராய்டு அச்சோதனையில் சிறப்பாகத் தேறிவிடும். தமிழில் ‘ஒத்துக்கொள்கிறது’, ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஓர் அழகான பாகுபாடு உண்டு. இம்மருந்து தொடக்கத்தில் எல்லாருக்கும் ஒத்துக்கொள்கிறது. கெடுதி அங்கேதான் மறைந்திருக்கிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நரம்பிழைபோல் சிவப்புக் கோடுகள் தெரியும்; பரு பெருகும்; முடி முளைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மீண்டும் அதையே பூசுவர். இவர்களிடம் ‘களிம்பு சரியில்லை’ என்ற எண்ணம் எழுவதில்லை. ‘நிறுத்தியதுதான் தவறு’ என்ற எண்ணமே எழுகிறது.

இன்னொரு சொல்லும் இதில் பங்காளி. பரு, தேமல், மங்கு, படர்தாமரை, கரப்பான், வேர்க்குரு என்று தோலில் தோன்றுவனவற்றுக்குத் தமிழ் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. பிற இந்திய மொழிகளும் வைத்துள்ளன. இன்றைய நகரப் பேச்சில் இவை பலவும் ‘அலர்ஜி’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் புதைந்துவிட்டன. ‘அலர்ஜிக்கு ஒரு க்ரீம்’ என்று கேட்பவருக்கு, ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த ஒற்றைக் களிம்பு நீட்டப்படுகிறது. எல்லா நோய்க்கும் ஒரு சொல், எல்லா நோய்க்கும் ஒரு குழாய். வந்தது படர்தாமரையாக இருந்தால், ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிப் பூஞ்சையை வளரவிடும். வட்டம் தன் உருவத்தை இழந்து மருத்துவராலேயே இனங்காண முடியாதபடி பரவும். அண்மை ஆண்டுகளில் இந்தியாவெங்கும் மருந்துக்கு அடங்காத படர்தாமரை பெருகியிருப்பதற்கு இக்கலவைக் களிம்புகளை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகத் தோல் மருத்துவர்கள் சுட்டுகின்றனர்.

களிம்பு உறையில் உள்ள பெயரின் ஈற்றைப் படித்தால் ஓரளவு தெளிவு பிறக்கும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் ஆகியவை ஸ்டீராய்டுகள். கீட்டோகோனசோல், லூலிகோனசோல் என ‘கோனசோல்’ என்று முடிபவை பூஞ்சைக்கொல்லிகள். ஒரே குழாயில் இரண்டும் இருந்தால், மருத்துவர் சொல்லாமல் முகத்தருகே கொண்டுசெல்லக் கூடாது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கலவை மங்குக்கு மருத்துவர் குறுகிய காலத்துக்கு எழுதித்தருவது. கிளிக்மனும் வில்லிஸும் 1975-இல் வெளியிட்ட கலவையின் வழிவந்தது. இந்தியாவில் அது ஆண்டுக்கணக்கில் முகப்பூச்சாகப் பூசப்படுகிறது.

இரு அலமாரிகளிலும் சேராத மூன்றாவது வகை இன்னும் கொடியது: உரிம எண்ணோ, பொருட்பட்டியலோ, தயாரித்தவர் முகவரியோ இல்லாத வெளுப்புக் களிம்பு. தோலில் நிறமி உருவாவதைப் பாதரசம் தடுக்கும். ஆனால் அது உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தைத் தாக்கும். இந்திய விதிகள் அழகுசாதனத்தில் பாதரசத்தைத் தடைசெய்து, கண்பகுதிப் பொருள்கள் நீங்கலாக, அறியாமல் கலந்தாலும் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்படக்கூடாது என்கின்றன. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே சவ்வுச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில், 15 பேருக்கு அரிதான ஒரு துணைவகை இருப்பதை மருத்துவர்கள் கண்டனர். அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். பூச்சை நிறுத்திய பிறகு பெரும்பாலோர் தேறினர். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளைச் சோதனையிட்டது.

இக்களிம்புகளுக்குச் சந்தையை உருவாக்கியது எது என்பதையும் பேசாமலிருக்க முடியாது. 1975-இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ இந்தியச் சந்தைக்கு வந்தது. 2020-இல் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. இந்தி விளம்பரத்தின் ‘கோராபன்’ மெல்ல ‘நிகார்’ ஆனது. தமிழின் ‘சிவப்பழகு’ மெல்லப் ‘பொலிவு’ ஆனது. சொல் மாறியது நல்லதே. ஆயினும் புதிய சொல் பழைய பொருளையே சுமக்குமாயின் மாற்றம் உறையோடு நின்றுவிடும். மாநிறத் தோலை நோயாகக் காணும் கண்ணுக்கு அழகுசாதனம் போதாது. அது மருந்தைத் தேடும். ஆரோக்கியமான தோலுக்கு மருந்து பூசும் விந்தை அங்கிருந்து பிறக்கிறது.

‘தோல் மருத்துவரைப் பார்’ என்பது வசதியுள்ளோரின் அறிவுரை என்று மறுப்போர் உண்டு. தனியார் மருத்துவரின் கட்டணம் பல மாணவருக்கு எட்டாதது. சிறு நகரங்களில் தோல் மருத்துவரே இல்லாமலிருப்பதும் உண்மை. ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல்நோய்ப் பிரிவு உண்டு. காத்திருக்கும் நேரம் மிகுதி, செலவு குறைவு. மேலும், மருத்துவரைத் தவிர்ப்பது சிக்கனம் என்பது கணக்குப் பிழை. மூன்று சீரமும் இரண்டு தவறான களிம்பும் வாங்கிய செலவில் முறையான சிகிச்சையே முடிந்திருக்கும். பென்சாயில் பெராக்ஸைடு போன்ற பரு மருந்து விலை மிகுந்ததும் அன்று, 2.5 விழுக்காடு செறிவிலேயே அது பெரும்பாலும் போதிய பயன் தருகிறது. எதை, எவ்வளவு, எத்தனை வாரம் என்று சொல்ல ஒருவர் வேண்டும் என்பதுதான் தேவை.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியதும் உண்டு. மாதத்துக்கு இருமுறையேனும் வளாக மருத்துவ மையத்துக்குத் தோல் மருத்துவர் வரச்செய்வது பெருஞ்செலவன்று. புதிய மாணவருக்கான அறிமுக நிகழ்ச்சியில் ஸ்டீராய்டுக் களிம்பு பற்றிப் பத்து நிமிடம் பேசலாம். மருந்து உறையின் எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே, பொடி எழுத்தில் இருக்கிறது. அதை இந்திய மொழிகளில் தெளிவாக அச்சிடவேண்டும் என்று கேட்கும் கடமை, மருத்துவரைப்போலவே மொழித்துறைகளுக்கும் உண்டு. கலைச்சொல்லாக்கம் என்பது கருத்தரங்க அறையோடு முடிகிற வேலையாக இருக்கவேண்டியதில்லை.

ஆகவே வாங்குபவர் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. முதலாவது, தோலில் நோய் இருக்கிறதா? இல்லையெனில், எங்கு விற்றாலும், உரிம எண்ணும் பொருட்பட்டியலும் உள்ள எளிய அழகுசாதனம் போதும். விலையையும் இதத்தையும் பார்த்து வாங்கலாம். இரண்டாவது, நோய் இருக்குமாயின் அதன் பெயர் என்ன? அதைச் சொல்லவேண்டியவர் மருத்துவர். கடைக்காரரோ அறைத்தோழரோ காணொளியாளரோ அல்லர். மூன்றாவது, உறையில் ‘ஆர்எக்ஸ்’ குறியும், பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாது என்னும் எச்சரிக்கையும் இருக்கின்றனவா? இருந்தால், கடைக்காரர் சீட்டுக் கேளாமல் கொடுத்தாலும் வாங்காமல் திரும்புவதே அறிவுடைமை.